பால்கோவாவை ஜெயித்தவர்

சகல சபையாருக்கும், சபைக்கு வராமல் வீட்டில் படுத்திருப்போருக்கும், ராஜபாளையம் தொடங்கி ஸ்ரீவில்லிபுத்தூர் ஈறாக உள்ள பொதுஜனங்கள் அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: வக்கீல் குமாஸ்தா ஞா. வேதசிரோமணி அவர்கள், ஈஸ்டருக்கு முந்தின லெந்து விரத நாட்கள் முழுவதும் சத்துருவோடு கடும் யுத்தம் செய்து, மாம்ச இச்சைகளில் தம்மிடம் கடைசியாக மிஞ்சியிருந்த பால்கோவா இச்சையையும் தேவ ஒத்தாசையால் வேரோடு பிடுங்கி எறிந்துவிட்டார். அது நிமித்தம் ஈஸ்டர் ஞாயிறன்று விசேஷ ஸ்தோத்திரம் ஏறெடுக்கப்படும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருஷம் ராஜபாளையம் சபையில் இதை வாசித்தவர் போதகர் ஏசுவடியான். எழுதிக் கொடுத்தவர் வேதசிரோமணியேதான். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் பல வருஷம் பிராது எழுதிப் பழகிய கை அது. ஆண்டவருக்கே எழுதினாலும் ‘யாதெனில்’ இல்லாமல் அதற்கு எழுத வராது. வாசிக்கும்போது அவர் முன்வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். தாழ்மையாக இருப்பது எப்படி என்று பின்வரிசைக்காரர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ளும் அளவுக்குக் குனிந்திருந்தார்.

அறிவிப்பில் ஒரு சங்கதி விட்டுப்போயிருந்தது. லெந்து தொடங்குவதற்குச் சற்று முன்னால், ஸ்ரீவில்லிபுத்தூரில் டாக்டர் ராஜரத்தினம் அவருடைய சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, நீல மருந்தைக் கலந்து, ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். நீலம் பச்சையாயிற்று, மஞ்சளாயிற்று, கடைசியில் செங்கல் நிறத்தில் வந்து நின்றது. டாக்டர் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு வேதசிரோமணியின் காலைப் பார்த்தார்.

"சக்கரை வியாதி. இனிப்பை இன்னையோட விட்டுரணும். விடலைன்னா ஒருநாள் கால்ல புண்ணு வரும். வந்தா ஆறாது. பொறவு காலை எடுக்கும்படி ஆகும்" என்றார்.

வேதசிரோமணி ரயிலில் வரும்போது இதை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். டாக்டர் சொன்னதற்காக விட்டால் அது வெறும் பத்தியம். ஆண்டவருக்காக விட்டால் அது சாட்சி. லெந்தும் தோதாக வாசலில் வந்து நின்றது. வியாதியை மனைவி அன்னாளிடம்கூடச் சொல்லாமல், பத்தியத்தை விரதமாக்கிவிட்டார்.

நியாயத்தைச் சொல்ல வேண்டும். லெந்து முழுக்க அவர் உண்மையிலேயே பால்கோவாவைத் தொடவில்லை. தொடாமல் இருந்ததைப் பற்றிப் பேசுவதே அந்த நாட்களில் அவருக்குப் போதுமான தீனியாக இருந்தது.

ஈஸ்டருக்குப் பிறகு சுற்றுவட்டாரத்துச் சபைகளெல்லாம் சாட்சி சொல்ல அவரைக் கூப்பிட ஆரம்பித்தன. குடியை விட்டவன், சூதை விட்டவன் எல்லாம் ஊருக்கு ஒருவன் உண்டு. அவர்கள் அழுவார்கள், மூக்கைச் சிந்துவார்கள், கேட்டுக் கேட்டு ஜனங்களுக்கு அலுத்துப்போயிருந்தது. பால்கோவாவை விட்டவர் புதுசு. அவரும் குறைவைக்கவில்லை. விறகடுப்பு, அகன்ற இரும்புச் சட்டி, பால் சுண்டச் சுண்டக் கரண்டி அடியில் உரசும் ஓசை, ஓரத்தில் ஒட்டும் பொன்னிற ஏடு, இலையில் வைத்ததும் மெல்ல இளகும் நெய், ஒவ்வொன்றையும் நிறுத்தி நிதானமாக விவரிப்பார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "இதுவே பிசாசின் கண்ணி" என்று முடிப்பார். அந்த இடத்தில் ஜனங்கள் எச்சில் விழுங்குவார்கள். சாட்சி சொன்னவரும் விழுங்குவார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் சபையில் சாட்சி சொன்ன மறுநாள் திங்கட்கிழமை. கோர்ட்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் போகிற சந்தில்தான் சுந்தரம்மாள் வீட்டு முன்பக்கத்தில் அடுப்புப் போட்டுப் பால்கோவா கிண்டி விற்றுக்கொண்டிருந்தாள். லெந்து தொடங்கியதிலிருந்து அவர் வேறு தெரு வழியாகச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார். ஜெயித்தவன் ஏன் சுற்றிப் போக வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றிவிட்டது.

"என்ன குமாஸ்தாய்யா, கோயில்ல என் சரக்கைப் பத்தித்தான் பேசுதீகளாம். கொஞ்சம் நல்லவிதமாப் பேசினா எனக்கும் நாலு யாவாரம் ஆகும்லா" என்றாள் சுந்தரம்மாள்.

"உன் சரக்கு ஆத்துமாவுக்குக் கேடு சுந்தரம்மா."

"வயித்துக்கு?"

வேதசிரோமணியின் கண் சட்டிக்குப் போயிற்று.

"தின்னு பாத்துட்டு ஏசுங்க. தின்னாம ஏசுதது எந்த ஊரு நியாயம்?" கரண்டி முனையில் எடுத்து ஒரு துண்டு மந்தாரை இலையில் வைத்து நீட்டினாள்.

கோர்ட்டில் கிழடு தட்டிய மனிதருக்கு அது சரியான வாதமாகப் பட்டது. பிரதிவாதியை விசாரிக்காமல் எப்படித் தீர்ப்புச் சொல்வது. விசாரித்தார். ஒரு துண்டு போதவில்லை. சாட்சிகளை இன்னும் கூப்பிட வேண்டியிருந்தது. கடைசியில் ஒரு பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு ரயிலேறி, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ராஜபாளையம் வருவதற்குள் இலையை வழித்துவிட்டார்.

வேதசிரோமணியின் வீட்டில் ஜெபம் பண்ணாமல் யாரும் வாயில் ஒன்றும் வைப்பதில்லை. அவர் சோற்றுக்குப் பண்ணும் ஜெபத்தில் குழம்பு ஆறி ஏடு படியும். சுக்குத்தண்ணிக்குக்கூட ஒரு ஸ்தோத்திரம் உண்டு. ரயிலில் தின்ற பால்கோவாவுக்கு மட்டும் அவர் ஜெபம் பண்ணவில்லை. அன்றைக்கும் பண்ணவில்லை, அதற்குப் பிறகு வந்த எந்த நாளிலும் பண்ணவில்லை. மறந்துபோய் அல்ல.

சாட்சியும் நடந்தது, பால்கோவாவும் நடந்தது. ஒன்று மற்றொன்றுக்கு உரம் போட்டது. புதிதாகத் தின்றுவிட்டுப் பேசும்போது விவரிப்பில் ஒரு உயிர் இருந்ததாக, காரணம் தெரியாத போதகரே பாராட்டினார்.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் அன்னாள் கொல்லையிலிருந்து கூப்பிட்டாள்.

"இங்க வந்து பாருங்க."

"என்னட்டி?"

"எறும்பு."

வேலியோரத்தில், காலையில் அவர் போய் ஒதுங்குகிற இடத்தில், மண் தெரியாமல் எறும்பு மொய்த்திருந்தது. செங்கல் நிறத்துச் சிற்றெறும்பு. எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கோடு வந்துகொண்டே இருந்தது. அவசரமில்லாமல் வந்தது.

"எறும்பு எங்கதான் இல்ல" என்றார் வேதசிரோமணி.

"அடுக்களையில இல்ல. சக்கரை டப்பாவைத் திறந்து வச்சுப் பாத்தேன், அங்கயும் ஒண்ணையும் காணோம். அம்புட்டும் நீங்க போற இடத்துலதான் நிக்கி." அன்னாள் குனிந்து பார்த்துக்கொண்டே பேசினாள். "எங்க அய்யாவுக்கும் இப்படித்தான். மொதல்ல எறும்பு வந்துச்சு. பொறவு கால்ல புண்ணு வந்துச்சு. பொறவு பெட்டி வந்துச்சு."

"காலங்காத்தால என்ன பேச்சு பேசுத. நான் பால்கோவாவை ஜெயிச்சவன். சபைக்கே தெரியும்."

"சபைக்குத் தெரியும். எறும்புக்கு யாரும் சொல்லலையே" என்றாள் அன்னாள்.

அவர் சாம்பலைக் கொட்டினார். அது சாம்பலைச் சுற்றிக்கொண்டு வந்தது. பினாயில் ஊற்றினார். இரண்டு நாள் காணவில்லை, மூன்றாம் நாள் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. கடைசியில் இடத்தை மாற்றினார். விடியற்காலை மில் சங்கு ஊதும்போது எழுந்து, பஞ்சுக் கிடங்குச் சுவருக்குப் பின்னால் போய்விட்டு வந்தார். சில நாள் நிம்மதி. ஒரு காலையில் அந்தச் சுவரடியிலும் அதே நிறத்தில் ஒரு கோடு வளைந்து வந்துகொண்டிருந்தது. கிடங்குக் காவலாள் கையில் தடியோடு நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேதசிரோமணி அவனுக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, எதற்கு வந்தாரோ அதை முடிக்காமலே திரும்பினார்.

அன்று சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் வேதபுத்தகத்தை விரித்து வாசித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தின் ஓரத்தில் ஒற்றை எறும்பு ஏறியது. எழுத்துகளின் மேல் நேராக நடந்து, பக்கத்தைப் பிடித்திருந்த அவர் விரலண்டை வந்து நின்றது. அவர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். அன்னாள் நிமிர்ந்து பார்த்தாள். 

அந்தக் கிறிஸ்மஸுக்குச் சபையார் கூடிப் பேசி, ஜெயவீரருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தீர்மானித்தார்கள். முன்னின்றவர் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர் தேவகிருபை அம்மாள். மதுரையிலிருந்து கறுப்பு பூட்ஸ் ஒரு ஜோடி வரவழைத்தார்கள். ஊர் ஊராகப் போய்ச் சுவிசேஷம் சொல்லுகிற பாதங்களுக்குச் செருப்பு போதாது என்பது டீச்சர் அம்மாளின் வாதம். பூட்ஸ் பளபளத்தது. ஒரு சுற்று சின்னது. வேதசிரோமணி சின்னது என்று சொல்லவில்லை. கனத்தைக் காலில் வாங்கிக்கொண்டு கம்பீரமாக நடந்தார்.

கிறிஸ்மஸ் கழிந்த கையோடு ஒரு நாள் அவர் காலுறையைக் கழற்றும்போது அன்னாள் பார்த்துவிட்டாள். சுண்டுவிரல் பக்கத்தில் காலுறை காலோடு ஒட்டிப்போயிருந்தது. உரித்தபோது தோலும் வந்தது.

"வலிக்கலையா?"

"இல்லையே. ஆண்டவருடைய கிருபையைப் பாரேன். இம்புட்டுப் புண்ணு, ஒரு சுள்ளுன்னுகூட இல்ல."

அன்னாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "வலிக்கணுமே" என்றாள். இரண்டாவது தடவையும் அதையே சொன்னாள்.

மறுநாள் அவளே அவரைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ரயிலேறினாள். ரயிலில் அவர் இந்த வலியில்லாப் புண்ணை அடுத்த சாட்சியில் எந்த இடத்தில் சேர்க்கலாம் என்று யோசித்துக்கொண்டு வந்தார்.

டாக்டர் ராஜரத்தினம் அவரைக் கட்டிலில் படுக்கவைத்து, கண்ணை மூடச் சொன்னார்.

"இப்ப எங்க குத்துதேன், சொல்லுங்க."

"நீங்க இன்னும் குத்தவே ஆரம்பிக்கலையே, டாக்டர்."

"கண்ணைத் திறங்க."

ஊசி பாதத்தில் செங்குத்தாக நின்றுகொண்டிருந்தது. அதைச் சுற்றி ஒரு பொட்டு ரத்தம். வேதசிரோமணி தன் காலை வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இனிப்புத் தின்னுதீகளா?"

"விட்டாச்சு. சபையறிய விட்டது."

டாக்டர் குழாயை விளக்கில் காட்டினார். நீலம் எங்கும் நின்று இளைப்பாறாமல் நேரே செங்கல் நிறத்துக்குப் போயிற்று. "சபை சாட்சி இங்க செல்லாது" என்றார் டாக்டர். "வலிச்சா நான் பயப்பட மாட்டேன். வலிக்காத காலுதான் எனக்குப் பயம். மதுரையிலேருந்து ஊசி மருந்து வரவழைக்கேன். நான் ஊசி போட, நீங்க ஒரு பக்கம் தின்னா, ஊசிதான் தோக்கும். இப்ப விரல். பொறவு பாதம். பொறவு முழங்கால். அதுக்கு மேல எனக்கு வேலையில்ல, உங்க போதகருக்குத்தான் வேலை."

அன்னாள் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். லெந்துக்கு முன்பே இதே குழாய் இதே நிறத்துக்கு வந்த கதையையும் டாக்டர் வாயால் அங்கேதான் கேட்டாள். வெளியே வந்த பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஏசியிருந்தால் அவருக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

ஸ்டேஷனில் அவளை பெஞ்சியில் உட்காரவைத்துவிட்டு, கோர்ட்டில் ஒரு காகிதத்தை வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். விந்தி விந்திச் சந்துக்குள் போனார். பயம் ஆசையை விரட்டிவிடும் என்று எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறார். அன்றைக்குப் பயம் அவருக்கு முன்னால் ஓடிப்போய்ச் சுந்தரம்மாள் கடையில் இடம் பிடித்து வைத்திருந்தது. பாதத்தில் நின்ற ஊசி கண்ணுக்குள்ளேயே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் தின்றார். ருசி ஒரு குறைவும் இல்லை. அதுதான் அவரைக் கதிகலங்க வைத்தது.

"ஏன்யா, முகமெல்லாம் வேர்த்து ஊத்துது?" என்றாள் சுந்தரம்மாள்.

"இன்னொரு பொட்டலம் கட்டு" என்றார் அவர்.

தை பிறந்ததும் அறுப்பின் பண்டிகை வந்தது. விளைந்ததில் முதலாவதைச் சபைக்குக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் பந்தலில் அவற்றையெல்லாம் ஏலம் போடுவார்கள். பூசணிக்காய், சேவல், கம்பு மூட்டை, ஆட்டுக்குட்டி. ஒருவர் ஏலத்தில் எடுத்ததை மறுபடியும் சபைக்கே கொடுத்துவிடுவார், அதை மறுபடி ஏலம் விடுவார்கள். ஒரு பூசணிக்காய் சாயங்காலத்துக்குள் பாதிச் சபையாருக்குச் சொந்தமாகிவிட்டு, கடைசியில் போதகர் வீட்டுச் சாம்பாரில் போய் இளைப்பாறும். ஏலம் கூறுவது வருஷாவருஷம் வேதசிரோமணி. கோர்ட்டில் ஏலம் போடும் அமீனாக்களே வாயைப் பிளக்கும் குரல்.

அந்த வருஷம் தேவகிருபை டீச்சர் ஒரு புதுமை செய்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் சொல்லிவைத்து, புதுப் பானை நிறையப் பால்கோவா கொண்டுவந்து, வாயை வெள்ளைத் துணியால் கட்டி மேஜை நடுவில் வைத்தார். குமாஸ்தா ஐயா ஜெயித்த சத்துருவை அவர் கையாலேயே ஏலம் விடவேண்டும் என்பது ஏற்பாடு. ஜெயப்பானை என்று அதற்குப் பேரும் வைத்தாயிற்று. சாராயத்தை விட்டவனுக்குச் சாராயப் பீப்பாய் கொண்டுவந்து மரியாதை செய்ய உலகத்தில் யாருக்கும் தோன்றியிராது. சபையாருக்குத் தோன்றிற்று.

வேதசிரோமணி காலில் கட்டுப் போட்டு, கட்டுக்கு மேல் பூட்ஸை நாடா அவிழ்த்து மாட்டியிருந்தார். பூசணிக்காயை விற்றார். சேவலை விற்றார். பானையைத் தூக்கினார்.

"சபையாரே, இந்தப் பானைக்குள் இருப்பது..." என்று அவர் ஆரம்பித்தபோது முன்னால் உட்கார்ந்திருந்த ஐயாதுரை என்ற வாலிபன், "அண்ணாச்சி, எறும்பு" என்றான்.

மேஜைக் காலில் ஒரு கோடு ஏறிக்கொண்டிருந்தது. ஜனங்கள் சிரித்தார்கள். பால்கோவா என்றால் எறும்பு வரத்தான் செய்யும். வேதசிரோமணியும் சிரித்துக்கொண்டு, பானையோடு இரண்டடி தள்ளி நின்றார்.

"அண்ணாச்சி, அது பானைக்கு வரல" என்றான் ஐயாதுரை. இந்தத் தடவை மெதுவாகச் சொன்னான்.

மேஜைக்குப் போன கோடு பாதியில் பிரிந்திருந்தது. சில மட்டும் மேலே போயின. மற்றதெல்லாம் தரையில் திரும்பி, மணலில் வளைந்து, அவர் பூட்ஸின் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. கட்டுத்துணியின் விளிம்பு செங்கல் நிறமாக இருந்தது. அசைந்தது. அவர் இன்னும் இரண்டடி தள்ளி நின்றார். சற்று நேரம் எறும்புகள் குழம்பின, பிறகு அவர் இருந்த பக்கமாக நீண்டன. காலில் அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. நூறு கண்கள் பார்ப்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

பந்தலில் சேவல் மட்டும் கொக்கரித்தது. போதகர் ஒரு பாட்டு ஆரம்பிக்கப் பார்த்தார், யாரும் பிடித்துக்கொள்ளவில்லை.

"நான் கேக்கேன்" என்றாள் பெண்கள் பக்கத்திலிருந்து அன்னாள். ஏலத்தில் அவள் அதுவரை வாய் திறந்ததில்லை. எழுந்து வந்து பானையை அவர் கையிலிருந்து வாங்கினாள். எதிர்த்துக் கேட்க ஆளில்லை. மூன்று தரம் கூற வேண்டியவருக்குக் குரலும் இல்லை. ஒரு கையில் பானையும் மறு கையில் புருஷனுமாக வீட்டைப் பார்த்து நடந்தாள்.

வீட்டில் முதலில் காலைக் கழுவிப் புதுத்துணி கட்டினாள். பிறகு மேஜையில் ஒரு தட்டை வைத்து, பானைத் துணியை அவிழ்த்து, கரண்டி நிறைய எடுத்து வைத்தாள். எதிரே உட்கார்ந்தாள்.

"சாப்பிடுங்க."

"எனக்கு வேண்டாம்ட்டி."

"வேணும். உங்க கோட்டுப் பையிலேருந்து நெய் ஒட்டின இலை எம்புட்டு எடுத்துப் போட்டிருக்கேன்னு எனக்குத்தான் தெரியும். நான் தடுக்கல. ஜெபம் பண்ணிட்டுச் சாப்பிடுங்க. இந்த வீட்டுல ஸ்தோத்திரம் சொல்லாம எதையும் தின்னதில்ல."

வேதசிரோமணி கண்ணை மூடினார். "மகா பரிசுத்தமும் மகிமையும் பொருந்திய..." என்று வழக்கம்போல் தொடங்கினார். வழக்கமாக அங்கிருந்து வார்த்தை தானே உருண்டு ஓடும். நின்றுவிட்டது. மறுபடி தொடங்கினார். "இந்த ஆகாரத்துக்காக..." என்றார். அதற்கு மேல் வாய் வரவில்லை. இதற்கு நன்றி சொல்ல முடியாது. இதை ஆசீர்வதிக்கச் சொல்லிக் கேட்க முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வரை இத்தனை மாதமாக இந்த ஜெபத்துக்குத்தான் அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்திருக்கிறார். தட்டிலிருந்து வாசனை வந்தது. 

"ஆண்டவரே" என்றார். "எனக்கு இது வேணும். கால் போனாலும் வேணும் போலருக்கு. நான் ஜெயிக்கல. பொய் சொன்னேன். என்னால விட முடியல. நீர் பிடிச்சுக்கிடும்."

‘யாதெனில்’ இல்லாமல் அவர் பண்ணிய முதல் ஜெபம் அதுதான்.

"ஆமென்" என்றாள் அன்னாள். மேடைகளில் அவருடைய ஜெபங்களுக்கு எத்தனையோ ஆமென் விழுந்திருக்கிறது. ஒன்றையாவது அவர் காதில் வாங்கினதில்லை. இதை வாங்கினார்.

"எடுத்துட்டுப் போயிரு" என்றார்.

அவள் தட்டையும் பானையையும் எடுத்துக்கொண்டு போய், கொல்லையில் வேலியோரத்தில், எறும்புகள் வரும் வழியில் கவிழ்த்தாள். அவை அதற்கும் அவசரப்படவில்லை.

டாக்டர் ராஜரத்தினம் சுண்டுவிரலையும் அடுத்த விரலையும் எடுத்தார். பாதமும் போகும் என்றே கத்தியைத் தயாராக வைத்திருந்தார். வாரக்கணக்கில் புண்ணின் கறுப்பு மேலே ஏறுமா என்று மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏறவில்லை, அங்கேயே நின்றுவிட்டது. ஒவ்வொரு காலையும் அன்னாள் கொல்லைக்குப் போய்க் குனிந்து பார்த்துவிட்டு வருவாள். என்ன கண்டாள் என்று அவர் கேட்க மாட்டார். அவள் முகத்தைப் பார்த்துக்கொள்வார். பங்குனிக் கடைசியில் ஒரு நாள் அவள் திரும்பி வந்து, "ஒண்ணையும் காணோம்" என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கோர்ட்டுக்குத் தடி ஊன்றிக்கொண்டு போக ஆரம்பித்தார். மறுபடி சுற்றுத் தெரு. சுற்றிப் போவதில் இப்போது அவருக்கு வெட்கமில்லை. சந்து முனையில் வாசனை பிடித்துக்கொள்ளும் நாட்களில், "ஆண்டவரே, எனக்கு வேணும், உமக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கடந்துவிடுவார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்ப்பதில்லை. ஒரு நாள் கால் கேட்காமல் சந்துக்குள்ளேயே போய் வாங்கியும்விட்டார். ஸ்டேஷன் பெஞ்சியில் பொட்டலத்தை மடியில் வைத்துக் கண்ணை மூடினார். ஸ்தோத்திரம் வரவில்லை. இலையைப் பிரிக்காமலே பக்கத்தில் நின்ற போர்ட்டர் கையில் திணித்தார். போர்ட்டர் சந்தோஷமாகத் தின்றான். வேதசிரோமணி அவன் தின்று முடிக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த அறுப்பின் பண்டிகை வந்தது. போதகர் ஏசுவடியான் முன்கூட்டியே வீட்டுக்கு வந்தார்.

"சபையில ஒரு வார்த்தை சொல்லணும், குமாஸ்தா. அறிவிப்பு எழுதித் தாருமே, வாசிச்சிருவோம்."

"எழுதல ஐயா. நானே எந்திச்சுச் சொல்லுதேன். பொய் சொன்னேன், இப்ப திங்கல, அம்புட்டுதான்."

"ஆசை அறவே ஒழிஞ்சதுன்னு ஒரு வரி சேத்துக்கிடலாம்லா."

"ஒழியலையே."

"சேத்தா சபைக்குப் பக்திவிருத்தியா இருக்கும்."

"போன தடவை சேத்ததுக்குத்தான் ரெண்டு விரல் போச்சு" என்றார் வேதசிரோமணி.

அப்படியே எழுந்து சொன்னார். ஜனங்கள் நிமிர்ந்து உட்காருவதற்குள் முடிந்துவிட்டது. சபையாருக்கு அது சாட்சி மாதிரியே தோன்றவில்லை. கண்ணீர் இல்லை, யுத்தம் இல்லை, இரும்புச் சட்டியும் இல்லை. அன்னாள் மட்டும் ஆமென் சொன்னாள். சாட்சி சொல்ல வெளிச்சபைகள் அவரைக் கூப்பிடுவது அதோடு நின்றது.

பிறகு ஏலம். ஒருமுறை தொடங்கியது சபையில் வழக்கமாகிவிடும். தேவகிருபை டீச்சர் மறக்காமல் இந்த வருஷமும் ஜெயப்பானையைக் கொண்டுவந்து வைத்திருந்தார். வெள்ளைத் துணி, இறுக்கிக் கட்டிய நூல். வேதசிரோமணி தடியை மேஜையில் சாய்த்துவிட்டு இரண்டு கையாலும் பானையைத் தூக்கினார்.

துணியைத் தாண்டி வாசனை வந்ததோ இல்லையோ, அவருக்கு வந்தது. விறகுப் புகையும் சுண்டிய பாலும் நெய்யுமாக, வேறெந்த நாளும் வராத அளவுக்கு வந்தது. நெற்றி வேர்த்தது. ஒரு விரலை நூலுக்கடியில் விட்டால் போதும், ஏலம் கூறுகிறவர் சரக்கைச் சோதித்துப் பார்க்கிறார் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். அன்னாள் பெண்கள் பக்கத்தில் எழுந்து நின்றுவிட்டாள். ஐயாதுரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேதசிரோமணியின் உதடுகள் அசைந்தன. இரண்டாந்தரம் கூறுகிறார் என்று சபையார் நினைத்தார்கள். அவர் கூறியது அவர்களுக்கு அல்ல.

பானை கைமாறிக் கைமாறி, கடைசியில் போதகர் பேரில் நின்றது. வேதசிரோமணி அதை அவர் கையில் கொடுத்துவிட்டு, தடியைத் தேடி எடுத்துக்கொண்டு, சட்டை முதுகோடு ஒட்டிக்கிடக்க, அன்னாளோடு வீட்டுக்குப் போனார். தன் ஆயுசிலேயே இப்படி ஒரு வாசனையை எதிர்த்து நின்றதில்லை என்று வழியில் அவளிடம் சொன்னார்.

போதகர் வீட்டில் துணியை அவிழ்த்துப் பார்த்தார்கள். பால்கோவா அடிப்பிடித்திருந்தது.